மணிக்கு ஏழு அடி

வெள்ளிக்கரடு என்ற ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, பல் டாக்டர் சுகுணவதியின் கையிலிருந்த சிறிய ரிவால்வரை விட்டுப் புறப்பட்ட குண்டு, ஒரு முழம் தாண்டியதுமே, போகிற இடத்தில் தன்னை யாரும் அவசரமாக எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டதைப் போல நிதானத்துக்கு வந்து, அன்றிலிருந்து முப்பது நாள், வெயில் மழை பாராமல், நல்ல நேரம் கெட்ட நேரம் பாராமல், மணிக்கு ஏழு அடி வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஊருக்கு மேலே அந்தரத்தில் நடந்து போயிற்று. சத்தம் மட்டும் வழக்கமான வேகத்தில் போய்விட்டது. அது பெரிய சத்தமும் இல்லை. காய்ந்த அவரை நெற்று வெடிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

சுகுணவதிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. ஊரில் பாதிப்பேருடைய கடைவாய்ப் பற்களை அறிந்தவர். மீதி நேரத்தில் சிறிய ரிவால்வர்களைச் சேர்ப்பவர். சேர்ப்பவர் என்றால், சட்டம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால், இரண்டு ரிவால்வரும், அவற்றைச் சுற்றிச் சட்டம் எண்ணிக்கையில் சேர்க்காத எல்லாமும்: பழைய விலைப்பட்டியல்கள், கைப்பிடிக்கான வாதுமைக் கட்டைகள், தோலுறைகள், குழல் துடைக்கும் கம்பிகள், உள்ளே பச்சை வெல்வெட் ஒட்டிய காலிப் பெட்டிகள். வேப்பங்கொட்டை அளவு குண்டு போடும் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவர் ஒரே பதில் வைத்திருந்தார். பெரிய துப்பாக்கி தோளை உதைக்கும். குறி தவறினால் உதையின் மேல் பழியைப் போடலாம். சின்னது உதைக்காது. பெரிய கொய்யாப்பழத்தின் கனம்தான் இருக்கும், விரல் மடங்கினால் சுடும், அவ்வளவுதான். குறி தவறினால் தவறியது சுட்டவர் மட்டுமே. "பழி போட இடமே இல்லாத ஒரே சாமான் இதுதான்" என்பார், நோயாளியின் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, எதிர்வாதத்துக்கு வழியில்லாத நேரமாகப் பார்த்து.

இருந்த இரண்டில் ஒன்று ஆறு அறை, இன்னொன்று ஒன்பது அறை. அந்த ஒன்பதுதான் வினை. சுகுணவதியின் விரல் ஆறு எண்ணிப் பழகியது. அந்தக் கணக்குக் கெடக் கூடாதென்று அவர் ஒன்பதிலும் ஆறு தோட்டாதான் போடுவார். மிச்ச மூன்று அறைகளில், சுத்தியல் வெறும் இரும்பில் விழுந்து அறையின் விளிம்பை நசுக்கிவிடாமலிருக்க, ஏற்கனவே சுட்டுமுடித்த வெற்றுக் கூடுகள் மூன்றைச் செருகி வைப்பார். இது சிறிய ரிவால்வரை நேசிப்பவர்கள் மட்டுமே செய்கிற காரியம். அதனால் நேர்ந்த பிழையும் அவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. தேர்தல் அறிவித்தார்கள். தேர்தலென்றால் உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதம் இரண்டும் ஸ்டேஷன் பீரோவில் கிடந்தன. வெற்றுக் கூடுகளை எடுத்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார். திரும்பி வந்த மறுநாள், பிரிந்திருந்த ஆசையில், ஒன்பது அறையையும் ஒன்பது புதுத் தோட்டாவால் நிறைத்தார். ஆறு சுட்டார். விரல், முடிந்தது என்றது.

முடிந்தபின் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. துப்பாக்கிக் கழகத்தின் திடல் ஊருக்கு மேற்கே கரட்டின் மேல் இருக்கிறது. ஊர் பள்ளத்தில் கிடக்கிறது. எதிரே கிழக்கு மேட்டில் ஒரு மாடி வீடு, அதன் உச்சியில் ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு ஞாயிறும், யாரும் பார்க்காத நொடியில், காலித் துப்பாக்கியை அந்தத் தொட்டிக்கு நேரே நீட்டி, மூச்சைப் பிடித்து, விசையை ஒரு முறை அழுத்துவார். டிக். அதில் கிடைக்கிற திருப்திக்குப் பெயர் கிடையாது. கொலை ஆசை என்பதெல்லாம் மிகை. வெறுமனே ஒரு டிக்.

அது தங்கை ரஞ்சிதத்தின் வீடு.

"டாக்டரம்மா!" என்று கத்தினார் கழகச் செயலாளர் சுபேதார் பேச்சிமுத்து. குழலுக்கு முன்னால் மிதக்கிற குண்டைப் பார்த்து அவர் அதிசயப்படவில்லை. விதி மீறப்பட்டதைப் பார்த்துக் கொதித்தார். "இலக்குப் பலகை வடக்க இருக்கு. நீங்க கெழக்க சுட்டிருக்கீக. இத ரிஜிஸ்தர்ல நான் என்னான்னு எழுதுவேன்?"

"காலின்னு நெனச்சேன் சுபேதார்."

"காலியா இருந்தாலும் ஊருப்பக்கம் நீட்டலாமா? அதுவும் நீங்க!"

இருவரும் குண்டைப் பார்த்தார்கள். அதற்குள் அது நான்கு விரற்கடை போயிருந்தது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, குளவி கூட்டுக்குள் முனகுவதைப் போல மெல்ல முனகிக்கொண்டு, வழியில் நின்ற சுபேதாரின் சைக்கிளை நோக்கிப் போயிற்று. அவர் சைக்கிளைத் தள்ளி வைத்தார். அந்த ஊர் அந்தக் குண்டுக்குச் செய்த முதல் மரியாதை அதுதான்.

ஊர் முதலில் அதை நிறுத்தப் பார்த்தது. கரட்டுச் சரிவில் ஒரு தென்னையை அது ஒன்பது நிமிடத்தில் துளைத்து மறுபக்கம் வந்தது. காவல் நிலையத்தார் நாலு பேர் தூக்கிவந்து வழியில் நிறுத்திய இரும்புப் பெட்டியைப் பதினேழு நிமிடத்தில் கடந்தது. உள்ளேயிருந்து கோயில் மணியை யாரோ நகத்தால் வருடுவது போல ஒரு நாதம் வந்ததைக் கேட்கப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பலாப்பழம் வைத்தார்கள், கொட்டையோடு துளைத்தது. ஒருவர் பந்தயத்துக்காக உள்ளங்கையை நீட்டி, அது தோலைத் தொட்டதும் பந்தயத்தைக் கைவிட்டார். வேகம் குறைந்திருக்கிறதே தவிர வீரியம் குறையவில்லை என்று புரிந்துகொண்ட பிறகு, ஊர் அதைத் தடுக்கும் யோசனையை விட்டுவிட்டு, அதோடு குடித்தனம் நடத்தும் யோசனைக்கு வந்தது.

எரிச்சல்பட்டவர் ஒருவர் மட்டும்: மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் இருதயராஜ். "விழணும் சார். நியாயப்படி மொத நிமிஷமே கீழ விழணும்" என்று வழியில் வருவோர் போவோரிடமெல்லாம் முறையிட்டார். விழாவிட்டாலும் நூறு அடிக்கு இரண்டு அங்குலம் வீதம் அது இறங்கிக்கொண்டிருப்பதை மூன்று நாள் நூல் பிடித்துக் கண்டுபிடித்ததும் கொஞ்சம் ஆறுதலடைந்தார். மூன்றாம் நாள் மாலை, தண்ணீர்த் தொட்டிக்கும் திடலுக்கும் ஐயாயிரத்து நாற்பது அடி, ஆகையால் சரியாக முப்பது நாள், ஆகையால் தொட்டிக்கு எட்டரை அடி கீழே, என்று ஒரு தாளில் எழுதி, அந்த எட்டரை அடி எங்கே வருகிறது என்று பார்க்க ரஞ்சிதத்தின் வீட்டுக்கே போய் மாடியில் ஏறி அளந்துவிட்டு வந்தார். மாடி அறையில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சு உயரத்தில் வருகிறது.

"அங்க யாரு உக்காருவா?" என்று கேட்டார்கள்.

"டீச்சர்தான். நான் அளக்கும்போதே உக்காந்துதான் இருந்தாங்க. 'அப்படியா சார்'ன்னாங்க. காப்பி குடுத்தாங்க."

ரஞ்சிதம் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை, அக்காவுக்கு ஐந்து வயது இளையவர். இருவருக்கும் பேச்சு நின்று ஐந்து வருடம். காரணம் ஊருக்குத் தெரியும் என்று ஊர் நினைத்தது. முன்பு சட்டம் மூன்று துப்பாக்கிவரை அனுமதித்தபோது சுகுணவதியிடம் மூன்றாவதாக ஓர் ஏழு அறை இருந்தது; மூன்றிலும் சின்னது. உரிமம் அக்காவின் பெயரில். ஆனால் அதைத் தேடிப்பிடித்தது ரஞ்சிதம், ஞாயிறுதோறும் அக்கா பக்கத்தில் நிற்கத் திடலில் அதைச் சுட்டதும் ரஞ்சிதம். ஏழு குண்டையும் ஒரே ஓட்டைக்குள் போட்டுவிட்டு, "காத்து இல்லக்கா இன்னிக்கி, அதான்" என்று அடக்கமாகச் சொல்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இருந்தது. சட்டம் மூன்றை இரண்டாக்கியபோது, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சுகுணவதி அந்த ஏழு அறையைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தார். ஏன் அது என்று ரஞ்சிதம் கேட்டார். "அதுதான் சின்னது" என்றார் அக்கா. அதன்பிறகு ரஞ்சிதம் கரட்டுப்பக்கம் வரவில்லை.

இரண்டாம் வாரத்துக்குள் ஊர் குண்டுக்குப் பழகிவிட்டது. அது போகும் பாதைக்கு நேர் கீழே, தெரியாமல் யாரும் ஏணி சாய்த்துவிடக் கூடாதென்று, பஞ்சாயத்தார் சிவப்புத் துணி கட்டிய கயிறு இழுத்தார்கள். அந்தக் கயிற்றில் பெண்கள் மஞ்சள் துண்டு கட்ட ஆரம்பித்தார்கள். முகவரி சொல்கிறவர்கள் "குண்டு நேத்து நின்ன எடத்துக்கு ரெண்டு வீடு தள்ளி" என்றார்கள், குண்டு எங்கேயும் நின்றதே இல்லை என்ற உண்மையைப் பொருட்படுத்தாமல். மாடிச் சுவரில் துளை விழுந்த வீட்டுக்காரர்கள் அதைப் பூசி அடைக்காமல் சுற்றிலும் சந்தனம் வைத்தார்கள். நூலிழையில் துளை தப்பிய வீட்டுக்காரர் ஒருவர் இருதயராஜின் கணக்கில் சூது இருக்கிறதென்று தாசில்தாருக்கு மனு எழுதினார். கல்யாண மண்டபத்து மேல்தளத்தை அது கடக்கிற நாளில் அங்கே ஒரு வளைகாப்பு. பந்தி இலைகளைக் குண்டுக்கு இந்தப்பக்கம் ஒரு வரிசை, அந்தப்பக்கம் ஒரு வரிசை என்று போட்டார்கள். ரசம் ஊற்றுகிறவர்கள் குனிந்து கடந்தார்கள். நிமிரும்போதெல்லாம் பந்தி முழுவதும் "பாத்து, பாத்து" என்று ஒரே குரலில் சொல்லிற்று. தொட்டில் போல ஆடிய தோரணத்தின் நுனியில் ஒரு பொத்தல் விழுந்ததை, பிறக்கப்போவது பெண்தான் என்பதற்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பழகாதவர் சுகுணவதி ஒருவர்தான். ஓரிடத்தில் அவரால் உட்கார முடியவில்லை. காலையில் கிளினிக் திறக்குமுன் கயிற்றோரமாக நடந்து குண்டுக்குக் கீழே போய் நிற்பார், அண்ணாந்து பார்ப்பார், திரும்புவார். பாதி பல்லை அடைத்துவிட்டு, "கொஞ்சம் வாயத் திறந்தே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு நாளைக்கு நூற்று அறுபத்தெட்டு அடி. அவர் ஒரு பொழுதும் எதையும் இவ்வளவு தூரம் சுட்டதில்லை. சுட்டவுடனே முடிந்துபோவதுதான் அந்த விளையாட்டின் சுகம் என்றும், முடியாமல் நீள்கிற ஒரு குண்டு சுட்டவரையே துளைத்துக்கொண்டு போகிறதென்றும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

சுபேதாரைத் தூது அனுப்பினார். அவர் போய்விட்டு வந்தார்.

"என்ன சொன்னா?"

"நாற்காலிய நகத்த மாட்டாகளாம்."

"ஏன்?"

"'இருபது வருசமா நான் உக்காருற எடம் அது. குண்டு வேணா நகந்துக்கிரட்டும்'னாக." சுபேதார் தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொண்ணும் சொன்னாக. 'சுட்டவுக வந்து சொல்லட்டும்'னு."

"என்னத்தச் சொல்றது? தவறி வெடிச்சதுன்னு நீங்க சொல்லிட்டீங்கள்ல?"

"அதத்தான் முப்பது தடவ சொன்னேன். கேட்டுக்கிட்டே முறுக்குத் திங்கிறாக."

தாசில்தார் எழுத்தில் அறிவுரை கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நேரில் போய், தூக்கிக்கொண்டு வந்துவிடுவதாக மிரட்டினார். "என் சொந்த வீட்டுல என் நாற்காலில உக்காருறது எந்தப் பிரிவு சார்?" என்று கேட்டதும் திரும்பிவிட்டார். ஊர் இரண்டாகப் பிரிந்து, எழுந்துவிடுவார் என்று பாதியும் எழமாட்டார் என்று பாதியும் பேசிக்கொண்டது. எழமாட்டார் என்பது சுகுணவதிக்குத் தெரியும். விசையைப் பாதி அழுத்திவிட்டுப் பத்து எண்ணும்வரை கல்லாக நிற்கிற பெண் அது. இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று நாள் போயிற்று. குண்டு கிழக்கு மேட்டின் முதல் வீட்டைக் கடந்தது.

முப்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதேகாலுக்கு ரஞ்சிதத்தின் மாடிச் சுவரில் முனை முட்டியபோது தெரு முழுக்க ஆட்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுகுணவதி வாசலுக்கு வந்தார். ஐந்து வருடம் மிதிக்காத வாசல். செருப்பை இடப்பக்கம் விடுவதா வலப்பக்கம் விடுவதா என்று மறந்துபோய், கையில் எடுத்துக்கொண்டே மாடி ஏறினார்.

ரஞ்சிதம் மேற்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் விளையாட்டு விழாப் பட்டியல். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. காரை ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. வேப்பங்கொட்டை மூக்கை நீட்டியது. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே நாலு அடி.

"வா" என்றார் ரஞ்சிதம், தலையைத் தூக்காமல். "செருப்ப எதுக்குக் கையில வெச்சிருக்க?"

"எந்திரி ரஞ்சி."

"எதுக்கு? தவறி வெடிச்சுருச்சுன்னு சொல்லத்தான வந்த? கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுருச்சு."

"தவறித்தான் வெடிச்சுச்சு."

"சரி. குறியும் தவறி வெச்சதா?"

சுகுணவதி பதில் சொல்வதற்குள் குண்டு ஒரு விரற்கடை வந்துவிட்டது. "இல்ல" என்றார்.

"எத்தன நாளா வெக்கிற?"

"அஞ்சு வருசமா. வாராவாரம்."

ரஞ்சிதம் இப்போதுதான் தலையைத் தூக்கினார். கோபம் இல்லை, பள்ளியில் ஓடாமல் ஓடிவந்ததாகச் சொல்லும் பெண்களைப் பார்க்கிற பார்வை. "அந்த ஏழ எதுக்குக் குடுத்த?"

"அதுதான் சின்—"

"அக்கா. முப்பது நாளா நான் இங்க உக்காந்திருக்கேன். என் மூஞ்சியப் பாத்து அதையே சொல்லாத."

கீழே தெருவில் யாரோ இருமினார்கள். முழுத் தெருவும் அவரை அடக்கிற்று. சுகுணவதி குண்டைப் பார்த்தார். உதைக்காத துப்பாக்கி. பழி போட இடமில்லை.

"அதுல நீ என்னைய விட நல்லா சுட்ட" என்றார். "நான் முப்பது வருசம் படிச்சுப் படிச்சு, தேடித் தேடி வாங்கி, எண்ணெய் போட்டுத் தொடச்சு வெச்சிருப்பேன். நீ ஞாயித்துக்கெழம முறுக்குத் தின்ன கையோட வந்து எடுத்து, ஏழும் ஒரே ஓட்டைல போட்டுட்டு, காத்து இல்லம்ப. அது போனா நீ வரமாட்டன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

ரஞ்சிதம் மடியிலிருந்த பட்டியலை நாலாக மடித்தார். குண்டு முனகிக்கொண்டு வந்தது. ஒரு முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது.

"சொல்லிட்டேன்ல. எந்திரி."

"யோசிக்கிறேன்."

"இன்னும் என்னடி யோசன?"

"அஞ்சு வருசத்துக்கு அஞ்சு நிமிசமாச்சும் வேணாமா?"

சுகுணவதி செருப்பைப் போட்டுவிட்டு, நாற்காலிக்கும் குண்டுக்கும் நடுவே போய், குண்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"தள்ளு. எனக்கு மறைக்குது" என்றார் ரஞ்சிதம்.

"மறைக்கட்டும்."

"வீம்பு பண்ணாத. அது வந்துருச்சு, சேலையத் தொடுது."

"உனக்கு மட்டுந்தான் உக்காரத் தெரியுமா? எனக்கும் நிக்கத் தெரியும்."

சேலையின் நூல்கள் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம் சுகுணவதிக்குத் தன் முதுகில் கேட்டது. ஒரு முனை, குளிர்ந்தது, மிகச் சிறியது, தோலைத் தொட்டது. அவர் கண்ணை மூடினார். அந்த நொடியில் அவருடைய மணிக்கட்டை ஒரு கை பற்றி, கயிறிழுக்கும் போட்டிக்கு இருபது வருடம் பெண்களைத் தயார்செய்த வலுவோடு, கீழே இழுத்தது. நாற்காலி பின்னால் சரிந்து ஓரமாக உருண்டது. இருவரும் தரையில் விழுந்தார்கள். குண்டு அவர்களுக்கு மேலே, எதையும் கவனிக்காமல், போய்க்கொண்டிருந்தது.

எழுந்தால் நெற்றியில் இடிக்குமோ என்ற பயத்தில் இருவரும் அப்படியே மல்லாந்து கிடந்தார்கள். ரத்தம் வருதா என்று ரஞ்சிதம் அக்காவின் முதுகைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு. கீழேயிருந்து சுபேதார், "டாக்டரம்மா! டீச்சர்! ரெண்டு பேர்ல யாராச்சும் குரல் குடுங்க!" என்று கத்தினார்.

"இருக்கோம்!" என்று ரஞ்சிதம் கத்தினார். பிறகு மெதுவாக, "மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத" என்றார்.

"நெனைக்கல."

"அந்த ஏழு இப்ப எங்க இருக்கும்?"

"உருக்கியிருப்பாங்க."

அதுவரை பிடித்திருந்த மணிக்கட்டை ரஞ்சிதம் விட்டார். குண்டு அறையைக் கடந்து கிழக்குச் சுவரில் முட்டி உள்ளே நுழைந்தபோது பத்தேமுக்கால்கூட ஆகவில்லை, காப்பி நேரம் தாண்டவில்லை. ஊரில் எல்லோரும், ஏன் இருதயராஜுமே, இந்த வீட்டோடு அது முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். குறி வைத்தது இதற்குத்தானே. ஆனால் குறி என்பது சுடுகிறவரின் தலைக்குள் இருப்பது, குண்டுக்கு அதெல்லாம் தெரியாது. பின்சுவரைத் துளைத்து வெளியே வந்து, கடலைக் காட்டுக்கு மேலே, அதே ஏழு அடியில், அது பாட்டுக்குக் கிழக்கே போயிற்று. பின்கட்டுச் சன்னலில் நின்று அதை இருவரும் பார்த்தார்கள்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்றார் சுகுணவதி.

"ஆலங்குட்டை ஊரு. காடு மேடேறிப் போய் முடியிற எடத்துல மொத வீடு ஓட்டு வீடு. தரையோட தரையா இருக்கும்." ரஞ்சிதம் சாவியை எடுத்தார். "செருப்ப மாட்டு."

ரஞ்சிதத்தின் ஸ்கூட்டியில், அக்கா பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, முதுகுச் சேலைக் கிழிசலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வர, இருவரும் வண்டித்தடத்தில் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெண் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ இருமினார்கள். கட்டிலில் கிடக்கிறவரின் இருமல். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், ஒருத்தி முகத்தில் சுண்ணாம்போடு வந்து நிற்பதை அந்தப் பெண் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"ஒரு குண்டு வருதுங்க" என்றார் ரஞ்சிதம். "மெதுவாத்தான் வருது. பதினோரு நாளாகும். இந்தச் செவுத்துல வரும், இடுப்பு ஒசரத்துக்கு. கட்டில அந்தப் பக்கம் போட்டுக்கங்க. நாங்களே வந்து நகத்திக் குடுக்குறோம்."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டார்.

"யாரு சுட்டது?"

சுகுணவதி வாயைத் திறந்தார். தங்கை முந்திக்கொண்டார்.

"எங்களோடதுங்க."